சித்தேரிக்கும் கல்வராயனுக்கும் நடுவே... பஸ் ஏறுவதா, வேண்டாமா? - சிட்லிங்கி பள்ளத்தாக்கு இளைஞர்களின் கதை!

அரூர் பேருந்து நிலையம். சேலம், தருமபுரி, திருவண்ணாமலை என்று கண்டக்டர்கள் மாறி மாறிக் குரல் கொடுக்கிறார்கள். டீக்கடை ஓரத்தில் தோளில் ஒரு பை, கையில் ஒரு செல்போனோடு நிற்கிற இளைஞர்களைப் பார்த்தால் யார் கல்லூரிக்குப் போகிறவர், யார் வேலை தேடிப் போகிறவர் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. பையின் கனத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். புத்தகம் இருந்தால் சின்னப் பை. பாய், போர்வை, ஆறு மாதத்துக்கான துணிமணி இருந்தால் பெரிய பை. பெரிய பைக்காரர்கள் சேலம் போய், அங்கிருந்து திருப்பூருக்கோ பெங்களூருக்கோ கேரளாவுக்கோ போகிறவர்கள்.

இவர்களில் பலருக்கு ஊர், இந்த நகரத்தைத் தாண்டித் தெரிகிற மலைகளுக்குள் இருக்கிறது. தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் பழங்குடியினர் சுமார் 1.1 சதவீதம். தருமபுரி மாவட்டத்திலோ 2011 கணக்கெடுப்பின்படி 4 சதவீதத்துக்கும் மேல். பெரும்பாலோர் மலையாளிகள். கேரளத்து மலையாளம் பேசுபவர்கள் அல்லர். மலையை ஆள்கிறவர்கள், மலையில் வாழ்கிறவர்கள் என்று பொருள் சொல்லப்படுகிற, தமிழே பேசுகிற மலைவாழ் மக்கள். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை.

ஒகேனக்கல் அருவிக்காக தருமபுரிக்கு வருகிறவர்கள் ஏராளம். தீர்த்தமலைக்கு ஏறுகிறவர்களும் உண்டு. ஆனால், அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாக சிட்லிங்கிக்குப் போகிறவர்கள் குறைவு. போய்ப் பார்த்தால், ஒரு பெரிய கேள்விக்கு முப்பது வருடங்களாகப் பதில் தேடிக்கொண்டிருக்கும் ஒரு பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். கேள்வி இதுதான்: மலையில் பிறந்த ஒரு பையனோ பெண்ணோ வாழ்வதற்கு, மலையை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டுமா?

மலைகளுக்கு நடுவே ஒரு தொட்டில்

ஒரு பக்கம் சித்தேரி மலை. இன்னொரு பக்கம் கல்வராயன் மலை. நடுவில் தொட்டில் போலச் சிட்லிங்கி. சாலையின் இருபுறமும் மரவள்ளியும் மஞ்சளும் கரும்பும் மாறி மாறி வரும். மானாவாரி நிலங்களில் சாமை, ராகி. ஊர்கள் பெரிதாக இல்லை. கொஞ்சம் வீடுகள், ஒரு கோயில், ஒரு புளியமரம், பிறகு மீண்டும் காடு.

பெரும்பாலான ஊர்கள் மலையாளி மக்களுடையவை. அவற்றுக்கு நடுவே லம்பாடிகளின் தண்டாக்களும் இருக்கின்றன. லம்பாடிகள் தங்களுக்குள் பேசுவது வேறு மொழி, வழிபாடும் வேறு. இரண்டு சமூகங்களும் ஒரே கடையில் அரிசி வாங்குகிறார்கள், ஒரே பஸ்ஸில் அரூர் போகிறார்கள். ஆனால், அரசாங்கத்தின் ஏட்டில் இருவரும் ஒன்றல்ல. தருமபுரி மாவட்ட மலையாளி மக்கள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். ஆந்திராவில் பழங்குடியினராகவும் கர்நாடகத்தில் பட்டியல் சாதியினராகவும் இருக்கிற லம்பாடிகள், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர். அதனால், பக்கத்துப் பக்கத்து ஊரில் வளர்ந்து, ஒரே வகுப்பில் படிக்கிற இரண்டு பிள்ளைகளுக்கு உதவித்தொகையிலிருந்து கல்லூரி இடம் வரைக்கும் கணக்கு மாறிவிடுகிறது.

மலையாளிகளுக்கும் இதில் ஒரு சிக்கல் உண்டு. அவர்கள் எந்த மாவட்டத்தவர் என்பதைப் பொறுத்தே பட்டியலில் இடம். தருமபுரி, சேலம் மலைகளில் இருப்பவர் பழங்குடி. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருப்பவருக்கு அந்தச் சான்றிதழ் இல்லை. அங்குள்ளவர்கள் பல ஆண்டுகளாக அதற்காகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சாதிச் சான்றிதழ் தருவதும் தாசில்தார் அல்ல, வருவாய்க் கோட்டாட்சியர். பிளஸ் டூ முடித்த கையோடு வேலை தேடுகிற வயதில் ஒரு பிள்ளைக்கு முதலில் தேவைப்படுகிற உதவியே, இந்தக் காகிதத்தைக் கையில் வாங்கித் தருகிற ஓர் ஆள்தான்.

பெரிய பைக்குள் என்ன இருக்கிறது?

சிட்லிங்கி இளைஞர்கள் நகரத்துக்குப் போவதற்குக் காரணம் ஆசை மட்டும் அல்ல. மழையை நம்பிய நிலம். உரம், பூச்சிமருந்து, விதைக்கு வாங்கிய கடன். அறுவடை கையைக் கடித்தால் அந்த வருடமே வீட்டில் ஒருவர் பஸ் ஏற வேண்டியதுதான். திருப்பூர் பனியன் கம்பெனி என்றால் தங்க இடம் கிடைக்கும், வாரம் பிறந்தால் சம்பளம் கிடைக்கும். கிடைக்காதது எல்லாம் அதற்குப் பிறகு தெரியவரும்: பேச்சுத்துணை, காய்ச்சல் வந்தால் கஞ்சி, குலசாமி திருவிழாவுக்கு லீவு.

சிலருக்கு அந்தப் பயணம் இன்னும் கொடூரமாக முடிந்திருக்கிறது. 2015 ஏப்ரல் 7. ஆந்திராவின் சேஷாசலம் வனப்பகுதியில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் அந்த மாநிலக் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தின் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களோடு, தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். கூலிக்கு ஆள் பிடிக்கிற புரோக்கர் மலை ஏறி வருவது, அங்கே வேறு வேலை இல்லை என்பது அவருக்குத் தெரியும் என்பதால்தான்.

வெளியே போனால்தான் ஆபத்து, ஊரிலேயே இருந்தால் பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது. அதே சித்தேரி மலையின் அடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, கிணறுகள் பாழாக்கப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில், வழக்கு முடியும்போது உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடும் அறிவித்தது.

முப்பத்தோரு வருடம்! அந்தப் பெண்களில் சிலர் சம்பவம் நடந்தபோது பள்ளிக்கூட வயதில் இருந்தவர்கள். அவர்கள் தளராமல் சாட்சி சொல்ல முடிந்ததற்குப் பின்னால் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும், கட்டணம் பாராமல் வாதாடிய வழக்கறிஞர்களும் இருந்தார்கள். பக்கபலம் என்ற சொல்லுக்கு இந்த வட்டாரத்தில் அர்த்தம் இதுதான்: ஒருநாள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவதல்ல, கூடவே நிற்பது.

குடிசையில் தொடங்கிய ஆஸ்பத்திரி

அப்படிக் கூடவே நின்ற இன்னொரு கதை சிட்லிங்கியில் 1993-ல் தொடங்குகிறது. டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி இருவரும் ஆலப்புழா மருத்துவக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். திண்டுக்கல் பக்கத்து காந்திகிராமத்தில் வேலை பார்த்தபோது, மிகத் தூரத்திலிருந்து நோயாளிகள் வருவதைக் கவனித்தார்கள். மருத்துவமனையே இல்லாத இடத்தில் வேலை செய்வோம் என்று முடிவெடுத்து, நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சிட்லிங்கிக்கு வந்து சேர்ந்தார்கள்.

அன்று பக்கத்து மருத்துவமனை 48 கிலோமீட்டர் தள்ளி அரூரில். அறுவை சிகிச்சை என்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பிறக்கிற 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அதாவது, ஏழில் ஒரு குழந்தை.

ஊர் மக்கள் சேர்ந்து ஒரு குடிசை கட்டிக் கொடுத்தார்கள். அதுவே புறநோயாளிகள் பிரிவு, அதுவே பிரசவ வார்டு, அதுவே ஆபரேஷன் தியேட்டர். 'டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற அமைப்பு அங்கே பிறந்தது. இன்று அது 35 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை. குழந்தை இறப்பு 1,000-க்கு 20 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது.

இளைஞர்களின் கதையில் ஆஸ்பத்திரிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். விஷயமே அங்கேதான் இருக்கிறது. வெளியூரிலிருந்து நர்ஸ்களை அழைத்து வந்தால் இந்தக் காட்டில் எத்தனை நாள் இருப்பார்கள்? அதனால், உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்கே நோயாளியைக் கவனிக்கவும், பிரசவம் பார்க்கவும், ஆய்வகத்திலும் தியேட்டரிலும் வேலை செய்யவும் பயிற்சி கொடுக்கப்பட்டது. ஒவ்வோர் ஊரிலிருந்தும் மக்களே தேர்ந்தெடுத்த மூத்த பெண்கள் தங்கள் ஊரின் சுகாதாரப் பணியாளர்கள் ஆனார்கள். கர்ப்பிணி சாப்பிட்டாளா, கைக்குழந்தை எடை ஏறியதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவர்கள் வேலை. வலியில் வருகிற பெண்ணிடம் அவள் ஊர்ப் பேச்சிலேயே பேசுகிற நர்ஸ் இருந்தால், பாதி பயம் வாசலிலேயே போய்விடும்.

ஒரு மலைக்கிராமப் பெண் பிள்ளைக்கு, வெள்ளைச் சட்டை போட்ட தன் அக்காவையே ஆஸ்பத்திரியில் பார்ப்பது எவ்வளவு பெரிய பாடம்!

படிப்பு பாதியில் நின்றவர்களுக்கு ஒரு 'துளிர்'

பள்ளிக்கூடம் போனாலும் படிப்பு ஒட்டாத பிள்ளைகள், பத்தாம் வகுப்போடு நின்றுபோன இளைஞர்கள் என்ன செய்வார்கள்? கட்டடக் கலைஞர்களான அனுராதா - கிருஷ்ணா தம்பதி சிட்லிங்கியில் குடியேறித் தொடங்கிய 'துளிர்' கற்றல் மையம், இந்தக் கேள்வியோடு வந்தது.

முதலில் அது, பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஓடி வருகிற சாயங்கால இடம். கதைப் புத்தகம், வரைதல், கைவேலை, கணக்கு, விளையாட்டு. 'ஏன் இப்படி?' என்று கேட்டால் திட்டு விழாத இடம். பிறகு, படிப்பை நிறுத்திய பதின்பருவத்தினருக்காக அடிப்படைத் தொழில்நுட்பப் பயிற்சி வந்தது. வயரிங், பிளம்பிங், சுவர் எழுப்புவது, மூங்கில் வேலை, எல்.இ.டி விளக்கு செய்வது என்று கையால் கற்கிற பாடங்கள். ஒரு சுவரை எழுப்பக் கன அளவு தெரிய வேண்டும். விளக்கு எரிய மின்சுற்று புரிய வேண்டும். வகுப்பறையில் பயமுறுத்திய கணக்கும் அறிவியலும், கரண்டியும் ஸ்க்ரூ டிரைவரும் பிடித்த கைக்கு வேறு மாதிரி தெரிந்தன.

மண்ணும் மூங்கிலும் கொண்டு கட்டுவது மலைக்குப் புதிது அல்ல. தாத்தா கட்டிய வீடு அதுதான். ஆனால், 'மண் வீடு என்றால் ஏழை வீடு' என்ற எண்ணம் எல்லா ஊர்களையும் போல இங்கேயும் வந்துவிட்டது. அதே மண்ணில் காற்றோட்டமாக, அழகாக ஒரு கட்டடத்தைத் தானே கட்டி முடிக்கிற இளைஞர், தாத்தாவின் அறிவைப் பற்றி வெட்கப்பட வேண்டியதில்லை என்று தெரிந்துகொள்கிறார்.

இந்தப் பயிற்சி யாரையும் ஊரிலேயே கட்டிப்போடுவதில்லை. திருப்பூருக்குப் போக வேண்டும் என்றால் போகலாம். ஆனால், 'எந்த வேலையானாலும் பரவாயில்லை' என்று போகிறவருக்கும், 'எனக்கு வயரிங் தெரியும்' என்று போகிறவருக்கும் கிடைக்கிற மரியாதை ஒன்றல்ல.

பாட்டியிடமிருந்து பேத்திக்கு

லம்பாடித் தண்டாக்களில் இன்னொரு கதை. கண்ணாடிச் சில்லு, காசு, சோழி வைத்துத் தைக்கிற லம்பாடிப் பூவேலை உலகம் முழுக்கப் பிரபலம். ஆனால், சிட்லிங்கியில் பெண்கள் அந்த உடையை விட்டுச் சேலைக்கு மாறி ரொம்ப நாள் ஆகிவிட்டது. உடை போனதும் ஊசி வேலையும் போனது. ஒருகட்டத்தில் அந்தத் தையல் தெரிந்தவர்கள் சில மூத்த பெண்கள் மட்டுமே.

டாக்டர் லலிதாவின் முயற்சியில் அந்தப் பாட்டிகளைச் சுற்றி இளம் பெண்கள் உட்கார்ந்தார்கள். பாட்டி ஊசியில் நூல் கோக்க, பேத்தி வயதுப் பெண்கள் பார்த்துப் பார்த்துப் பழகினார்கள். 2006 வாக்கில் முளைத்த அந்த முயற்சியின் பெயர் 'போர்கை'. லம்பாடி மொழியில் 'பெருமை' என்று பொருள். இன்று அறுபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருக்கிறார்கள். சேலை, துப்பட்டா, பை, குஷன் உறை என்று அவர்கள் தைப்பவை பெருநகரங்களின் கண்காட்சிகளுக்குப் போகின்றன. அது அந்தப் பெண்களின் சங்கம். வெளியூர் முதலாளியின் கம்பெனி அல்ல.

இதிலுள்ள நுட்பமான லாபம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பனியன் கம்பெனியில் ஒரு பெண் நாள் முழுக்கத் தைப்பது யாரோ வரைந்த அளவை. இங்கே அவள் தைப்பது தன் பாட்டியின் கோலத்தை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து, தன் வேகத்தில்.

நிலம் சோறு போட்டால் யார் பஸ் ஏறுவார்?

இவ்வளவுக்குப் பிறகும் விவசாயம் நஷ்டம் என்றால் எல்லாம் வீண். மருத்துவர்கள் குழு ஊர் ஊராக நடந்து போய்ப் பேசியபோது மக்கள் சொன்ன முதல் குறையே அதுதான்: 'வெள்ளாமையில ஒண்ணும் நிக்கல.' விவசாயம் போனால் ஆள்கள் ஊரை விட்டுப் போவார்கள். தட்டிலிருந்து சாமையும் ராகியும் போகும். திரும்ப நோய்தான் வரும். அப்படிப் பார்த்தால் அதுவும் மருத்துவம்தான்.

இயற்கை விவசாயம் செய்து பார்க்கலாம் என்று நான்கு விவசாயிகள் முன்வந்தார்கள். அந்த நால்வர், சிட்லிங்கி இயற்கை விவசாயிகள் சங்கமாக வளர்ந்து ஐந்நூறைத் தாண்டிவிட்டார்கள். மஞ்சள், சிறுதானியம், பருப்பு என்று விளைவதைச் சங்கமே வாங்குகிறது. மகளிர் குழுக்கள் அவற்றைச் சுத்தம் செய்து, அரைத்து, பாக்கெட் போடுகிறார்கள். ராகி பிஸ்கட்டாகக்கூட மாறுகிறது. 'ஸ்வாத்' என்ற பெயரில் நகரத்துக் கடைகளுக்குப் போகிறது. எடை போடுவது, கணக்கு எழுதுவது, இயந்திரம் ஓட்டுவது, வண்டி ஏற்றுவது... ஒவ்வொன்றிலும் ஒரு இளைஞருக்கு வேலை இருக்கிறது. மூட்டை சேலத்துக்குப் பஸ் ஏறுகிறது; பிள்ளை ஊரில் இருக்கிறான்.

இறங்குகிற இடத்தில் யார் இருக்கிறார்கள்?

இந்தக் கதைக்கு எதிர்முனை ஒன்று கனடாவில் இருக்கிறது. அங்கே பூர்வகுடி இளைஞர்கள் தங்கள் ஊர்களை விட்டுப் பெருநகரங்களுக்கு வரத் தொடங்கியபோது, 1950-களில் 'நட்பு மையங்கள்' முளைத்தன. 1959-ல் வின்னிபெக் நகரத்தில் அப்படி ஒன்று தொடங்கியது. புதிதாக வந்தவருக்கு வீடு எங்கே, வேலை எங்கே, எந்த ஆபீஸில் எந்தப் படிவம் என்று வழிகாட்டுகிற இடம். கூடவே, தன் மொழி பேசுகிற நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுகிற இடம். இன்று அந்த நாடு முழுக்க நூறை ஒட்டி இருக்கின்றன.

கனடாவில் பஸ் வந்து சேர்கிற முனையில் வீட்டைக் கட்டினார்கள். சிட்லிங்கியில் பஸ் கிளம்புகிற முனையில் கட்டினார்கள். உண்மையில் இரண்டு முனையிலும் வீடு வேண்டும். சிட்லிங்கியிலேயே எல்லோருக்கும் வேலை இருக்காது. படித்து இன்ஜினீயர் ஆகவோ, கலெக்டர் ஆகவோ ஆசைப்படுகிற பிள்ளை மலை இறங்கித்தான் ஆக வேண்டும், இறங்கவும் வேண்டும். அவர்களுக்காக அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும், நகரங்களில் ஆதிதிராவிடர் - பழங்குடியினர் நலக் கல்லூரி விடுதிகளும் இருக்கின்றன. ஆனால், விடுதிக் கதவு மாணவருக்குத்தான் திறக்கும். படிப்பை நிறுத்திவிட்டு, பெரிய பையோடு திருப்பூரில் இறங்குகிற பத்தொன்பது வயதுப் பையனுக்கு? அவனுக்குத் தெரிந்த ஒரே 'நட்பு மையம்', முன்னாலேயே போன ஊர்க்காரரின் வாடகை அறைதான். ஒரே அறையில் ஆறு பேர் படுத்தாலும் ஏழாவதாக வருகிறவனுக்கு இடம் கொடுக்கிற அந்த அறைகளுக்கு யாரும் விருது கொடுப்பதில்லை.

போகிறவர்களுக்கு...

சிட்லிங்கிக்குப் போக விரும்பினால் அரூர் வரை எளிதாக வரலாம். அங்கிருந்து கோட்டப்பட்டி வழியாகச் செல்லும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பஸ்கள் அடிக்கடி இல்லை. நேரம் விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. மழை முடிந்த மாதங்களில் இரண்டு மலைகளும் கண்ணுக்குக் குளிர்ச்சி.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது சுற்றுலாத் தலம் அல்ல. மருத்துவமனைக்கு வருகிறவர்கள் நோயாளிகள். கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது. துளிரையோ போர்கையையோ பார்க்க வேண்டும் என்றால் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போவதுதான் மரியாதை. 'பாவம், மலை ஜனங்க' என்ற பார்வையை அரூரிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். ஒரு பாக்கெட் சாமையோ ஒரு பூவேலைப் பையோ வாங்கினால், பேரம் பேசாமல் வாங்குங்கள். ஒரு பூவுக்குப் பின்னால் எத்தனை நாள் ஊசி வேலை இருக்கிறது என்று கேட்டால் பேரம் பேச மனம் வராது.

1993-ல் அந்தக் குடிசையில் பிறந்த குழந்தைகளுக்கு இப்போது முப்பது வயதைத் தாண்டிவிட்டது. ஏழில் ஒன்றாகப் போயிருக்க வேண்டிய உயிர்கள். அவர்களின் பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடம் போகிறார்கள். அந்தப் பிள்ளைகளும் ஒருநாள் அரூர் பேருந்து நிலையத்தில் பையோடு நிற்பார்கள். நிற்கட்டும். அது சின்னப் பையா, பெரிய பையா என்பதை வறுமை முடிவு செய்யக் கூடாது. அவர்களே முடிவு செய்ய வேண்டும்.

சாயங்காலம் மலை இருட்டுவதற்குள் அரூர் பஸ் சிட்லிங்கிக்குத் திரும்பி வருகிறது. கிளம்பிப் போகிற பஸ் எவ்வளவு முக்கியமோ, திரும்பி வருகிற இந்த பஸ்ஸும் அவ்வளவு முக்கியம்!